ஐப்பசி முதல் மார்கழி வரை மனசுக்கு ஒரு நோட்டு

அக்டோபர் பாதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் சென்னையில் நிறையப் பேருக்கு மனசு கொஞ்சம் கனத்துவிடுகிறது. வெளியே யாரும் சொல்வதில்லை. ஐப்பசி, கார்த்திகை என்றால் மழை பெய்யத்தானே செய்யும், ஏரியெல்லாம் நிறைய வேண்டாமா, இதற்கெல்லாமா ஒரு வருத்தம் என்று பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஆனால் காயாத துணி வீடு முழுக்கக் கொடியில் தொங்க, ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிட, நாளைக்குப் பள்ளி உண்டா இல்லையா என்று டிவியில் மாவட்டத்தின் பெயர் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு வாரம், அதன் பின்னாலேயே வங்கக்கடலில் அடுத்த காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி என்று ஒரு செய்தி, இப்படியே இரண்டு மூன்று மாதம் போனால் அலுப்பும் பயமும் யாருக்கும் சேர்ந்தே வரும். வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு 2015 டிசம்பர் இன்னும் மறக்கவில்லை. 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று அதை ஞாபகப்படுத்த அப்புறமும் ஏதாவது வந்துகொண்டேதான் இருக்கிறது.

இந்த மாதங்களைக் கடக்க, பெரிய செலவில்லாத, யாரையும் எதிர்பார்க்கத் தேவையில்லாத ஒரு வழி இருக்கிறது. மனசில் ஓடுவதை எழுதுவது. ஜர்னலிங் என்று இப்போது பரவலாகச் சொல்கிறார்கள். இதுவரை எழுதிப் பழக்கமே இல்லாதவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. எழுதினால் நல்லது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. ஒரு விதமாக எழுதினால் மனசு லேசாகிறது, இன்னொரு விதமாக எழுதினால் அதே கவலை இன்னும் இறுகிப்போகிறது. அந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் போதும், மீதியெல்லாம் அவரவர் வசதி.

நம் ஊர் மழை, அவர்கள் ஊர் குளிர்

குளிர்கால மனச்சோர்வு பற்றி இணையத்தில் கிடைப்பதில் பெரும்பகுதி வட நாடுகளின் அனுபவம். 1984இல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் நார்மன் ரோசந்தாலும் அவருடைய சகாக்களும், சிலருக்கு வருடா வருடம் குளிர்காலத்தில் மட்டும் சோர்வு, அதிகத் தூக்கம், மாவுப் பண்டங்களையும் இனிப்பையும் தேடித் தின்பது என்று ஒரே மாதிரி வருவதை விவரித்து, அதற்கு சீசனல் அஃபெக்டிவ் டிஸ்ஆர்டர் (பருவகால மனச்சோர்வு) என்று பெயரும் வைத்தார்கள். பகல் வெளிச்சம் குறைவதுதான் முக்கியமாகச் சந்தேகப்பட்ட காரணம். லண்டனில் டிசம்பர் கடைசியில் பகல் 8 மணி நேரம்கூட இருக்காது. சென்னையில் அதே நாளில் 11 மணி நேரத்துக்கு மேல் பகல் உண்டு. ஜூன் மாதத்தோடு ஒப்பிட்டால் குறைவது சுமார் ஒன்றரை மணி நேரம்தான்.

ஆகவே நம் ஊரில் இந்த மாதங்களில் மனசு சோர்ந்துபோனால் அதற்கு வெளிச்சத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நாலு நாள் மேகமூட்டம் இருந்தால் வெளிச்சம் குறையும், அதுவும் ஒரு பங்குதான். ஆனால் காலை நடை நின்றுபோகிறது. மெரினாவுக்கோ பெசன்ட் நகர் கடற்கரைக்கோ போய்க் காற்று வாங்குவது நின்றுபோகிறது. மொட்டை மாடியில் பக்கத்து வீட்டாரோடு பேசுவது நின்றுபோகிறது. ஐந்து பேர் இருக்கும் இரண்டு அறை வீட்டில் எல்லோரும் நாள் முழுக்க உள்ளேயே இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு, பெரியவர்களுக்கு வருடக் கடைசி வேலை நெருக்கடி. இதற்கெல்லாம் அடியில், தண்ணீர் உள்ளே வந்துவிடுமோ என்ற பயம். இதை முதலிலேயே சொல்லக் காரணம், உங்கள் நோட்டில் வரவேண்டியது இவைதான். வேறு ஊர்க்காரர்கள் தயாரித்த கேள்விப் பட்டியலை இறக்கிவைத்து, பனி பொழியும்போது என்ன தோன்றுகிறது என்று ஆழ்வார்பேட்டையில் உட்கார்ந்து எழுதினால் அது வீட்டுப்பாடம் ஆகிவிடும்.

டைரி வேறு, இது வேறு

நம்மிடம் நாட்குறிப்பு எழுதும் பழக்கம் பழசு. பெரம்பூரில் பிறந்து புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கம் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதி வைத்த நாட்குறிப்பு இன்றைக்கும் வரலாற்று ஆய்வாளர்களுக்குப் பொக்கிஷம். யார் வந்தார், என்ன விலை, எந்தக் கப்பல் என்று ஊரையே பதிவு செய்து வைத்தார். நம் தாத்தாக்கள் பலரும் வங்கி கொடுத்த டைரியில் பால் கணக்கும் கல்யாணத் தேதியும் எழுதியவர்கள்தான். அதெல்லாம் என்ன நடந்தது என்பதற்கான குறிப்பு.

மனசுக்காக எழுதும்போது நடந்தது ஒரு பாதி மட்டும். அது நடந்தபோது உள்ளே என்ன ஆயிற்று, ஏன் அப்படி ஆயிற்று என்பது மறு பாதி. இந்த இரண்டும் சேர வேண்டும் என்பதற்கு ஒரு நல்ல ஆதாரமும் இருக்கிறது. 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவி சாண்ட்ரா பீலுடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு அது. கல்லூரி மாணவர்களைப் பிரித்து, தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதச் சொன்னார்கள். ஒரு பிரிவினர் வாழ்க்கையில் நடந்த மோசமான ஒன்றின் விவரத்தை மட்டும் எழுதினார்கள். இன்னொரு பிரிவினர் அதைப் பற்றிய உணர்ச்சியை மட்டும். மூன்றாவது பிரிவினர் இரண்டையும் சேர்த்து. மற்றவர்கள் ஒன்றுமில்லாத சாதாரண விஷயங்களை எழுதினார்கள். அதற்கப்புறம் வந்த மாதங்களில் விவரம், உணர்ச்சி இரண்டையும் சேர்த்து எழுதியவர்கள்தான் பல்கலைக்கழக மருத்துவமனைக்குக் குறைவாகப் போனார்கள். ஆனால் எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனநிலை இன்னும் கீழேதான் போயிருந்தது. புதிதாக எழுதுபவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் எழுதிவிட்டுக் கண் கலங்கி உட்கார்ந்திருந்தால், இது நமக்கு ஒத்துவராது என்று உடனே மூடி வைத்துவிட வேண்டியதில்லை. சாதாரணமாக அந்தப் பாரம் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும்.

பின்னால் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் எழுதுவதால் பலன் இருப்பது தெரிந்தது, ஆனால் சராசரியாகப் பார்த்தால் அது சின்னப் பலன்தான். அற்புதம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். சின்னதாக இருந்தாலும் 15 நிமிடத்துக்கும் ஒரு நோட்டுக்கும் அது நல்ல வரவு என்பது என் எண்ணம்.

என்னை அதிகம் கவர்ந்தது பென்னிபேக்கர் 1990களில் கண்ட இன்னொரு விஷயம். பலன் கிடைத்தவர்கள் எழுதியதை வார்த்தை வார்த்தையாக எண்ணிப் பார்த்தபோது, முதல் நாளிலிருந்து கடைசி நாளுக்குள் அவர்களுடைய எழுத்தில் காரணம் சொல்லும் வார்த்தைகளும், புரிந்துகொண்டதைக் காட்டும் வார்த்தைகளும் கூடிக்கொண்டே போயிருந்தன. அதாவது நாலு நாளும் ஒரே மாதிரி அழுது தீர்த்தவர்களைவிட, நாலு நாளில் கதை மாறியவர்களுக்குத்தான் அதிக நன்மை. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: எழுத்து நகர வேண்டும்.

நகர்வது என்றால் எப்படி

ஒரு உதாரணம் எழுதிக் காட்டுகிறேன். மடிப்பாக்கத்தில் தரைத்தளத்தில் இருக்கும் ஒரு அம்மா நவம்பரில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம்.

முதல் நாள்: "இன்னைக்கும் மழை. ஒண்ணுமே பிடிக்கல. எல்லார் மேலயும் எரிச்சலா வருது. எப்பதான் விடுமோ."

இரண்டாம் நாள்: "சாயங்காலம் மழை சத்தம் கூடினதும் நெஞ்சு படபடன்னு அடிச்சுது. பையன் ஹோம்வொர்க் நோட்டைத் தரையில வெச்சிருந்தான். அதுக்குப் போய் அவன்கிட்ட அப்படிக் கத்திட்டேன். நோட்டு நனையக்கூட இல்ல."

மூன்றாம் நாள்: "தரையில எது கிடந்தாலும் எனக்குக் கோபம் வருது. ஏன்னா அந்த வருஷம் தண்ணி உள்ள வந்தப்போ தரைக்குக் கிட்ட இருந்ததெல்லாம் போச்சு. பீரோ கீழ்த்தட்டுல அம்மாவோட பட்டுப்புடவை, என் கல்யாண ஆல்பம். போட்டோ எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. பிரிக்கப் போனேன், அம்மா முகம் அப்படியே உரிஞ்சு வந்துடுச்சு. அன்னைக்கு நான் அழவே இல்ல. பக்கெட்ல தண்ணிய மொண்டு வெளிய ஊத்திட்டே இருந்தேன்."

நான்காம் நாள்: "அதனாலதான் இவன் மேல பாயறேன்னு இப்பதான் புரியுது. அப்ப அவன் பிறக்கவே இல்ல, அவனுக்கு எப்படித் தெரியும். நாளைக்கு அவனை உட்கார வெச்சு சொல்லணும். ஆல்பத்தைப் பரண் மேல ஏத்தணும்."

மழை நிற்கவில்லை. வீடும் அதே தரைத்தளம்தான். ஆனால் முதல் நாள் எல்லோர் மேலும் எரிச்சல் என்று இருந்த ஒன்று, நாலாம் நாள் அழாமல் விட்ட ஒரு துக்கமாகவும், பையனிடம் பேச வேண்டிய ஒரு பேச்சாகவும், பரண் மேல் ஏற்ற வேண்டிய ஒரு ஆல்பமாகவும் பிரிந்துவிட்டது. இரண்டாம் நாள் நோட்டு நனையக்கூட இல்லை என்று எழுதிய இடத்தில்தான் கதவு திறந்தது என்று நினைக்கிறேன். சம்பவத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தபோது, கோபத்துக்கும் காரணத்துக்கும் பொருந்தவில்லையே என்று அவருக்கே தெரிந்துவிடுகிறது. ஏன்னா, அதனாலதான், இப்பதான் புரியுது என்று தானாக வந்து விழும் வார்த்தைகளையும் கவனியுங்கள். இவற்றை வேண்டுமென்று திணிக்க வேண்டாம்; நாலைந்து நாள் எழுதியும் ஒன்றுகூட வரவில்லை என்றால் மட்டும், அடுத்த நாள் ஒரே ஒரு வாக்கியத்தை "ஏன்னா" என்று ஆரம்பித்துப் பாருங்கள்.

உணர்ச்சிக்குச் சரியான பெயர் வைப்பதும் இதில் சேர்த்திதான். மூட் சரியில்லை, டென்ஷன் என்ற இரண்டை வைத்துக்கொண்டே நாம் வருடம் முழுக்க ஓட்டிவிடுகிறோம். தமிழில் எத்தனை இருக்கின்றன பாருங்கள்: ஆதங்கம், தவிப்பு, ஏக்கம், அலுப்பு, வெறுமை, குற்ற உணர்ச்சி, ஆற்றாமை, கலக்கம். அமெரிக்காவுக்குப் போன மகனை நினைத்து மயிலாப்பூரில் ஒரு அப்பாவுக்கு மார்கழி காலையில் வருவது ஏக்கம். அதை டென்ஷன் என்று எழுதினால் மாத்திரை தேடத் தோன்றும், ஏக்கம் என்று எழுதினால் போன் எடுத்துப் பேசத் தோன்றும். பெயர் சொல்வதற்கு மூளையிலும் ஒரு வேலை இருக்கிறது. 2007இல் லாஸ் ஏஞ்சலிஸில் மேத்யூ லீபர்மனும் சகாக்களும், கோபமும் பயமும் தெரியும் முகங்களின் படங்களைக் காட்டி அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொல்லச் சொன்னபோது, மூளையில் ஆபத்து மணி அடிக்கும் அமிக்டலாவின் துடிப்பு அடங்குவதை ஸ்கேனில் பார்த்தார்கள்.

எதில், எப்போது, எப்படி

விலை உயர்ந்த நோட்டு வேண்டாம். அழகான அட்டை போட்ட நோட்டை வாங்கினால் அதில் அழகாகத்தான் எழுத வேண்டும் என்று கை தயங்கும். பிள்ளைகளின் பழைய நோட்டில் மிச்சமிருக்கும் பக்கங்களே போதும். மழை நாளில் தாள் ஈரம் இழுத்திருக்கும், ஜெல் பேனா பரவும், அதனால் பால் பாயின்ட் பேனாவே நல்லது. போனில் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், தப்பில்லை, ஆனால் எழுதி முடிப்பதற்குள் நாலு வாட்ஸ்அப் ஃபார்வேர்டு வந்துவிடும், அதில் இரண்டு மழை எச்சரிக்கையாக இருக்கும்.

நேரம் உங்களுக்குத் தோதான எதுவும். காலை காபியோடு எழுதுகிறவர்கள், மதியம் எல்லோரும் வெளியே போனபின் எழுதுகிறவர்கள், லோக்கல் ரயிலில் தாம்பரத்திலிருந்து எழும்பூர் போவதற்குள் எழுதுகிறவர்கள் எல்லோரும் உண்டு. 15 நிமிடம் என்று அலாரம் வைத்துக்கொள்வது நல்லது; முடிக்க அது உதவுகிறது. தினமும் எழுத வேண்டும் என்று சபதம் எல்லாம் வேண்டாம். பாரமாக இருக்கும்போது தொடர்ந்து நாலு நாள், மற்றபடி வாரத்தில் இரண்டு நாள் என்றால் போதும்.

பேசுகிற தமிழிலேயே எழுதுங்கள். சந்தி, ஒற்று, ல ள ழ எதையும் பார்க்காதீர்கள். பாதி இங்கிலீஷ் கலந்து வந்தால் வரட்டும். என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், உடம்பிலிருந்து தொடங்குங்கள். மணி என்ன, மழை எப்படி, ராத்திரி தூங்கினேனா, தோள்பட்டை இறுக்கமாக இருக்கிறதா, வயிறு எப்படி இருக்கிறது. மூன்று வரி உடம்பைப் பற்றி எழுதிவிட்டால் நாலாவது வரி பெரும்பாலும் தானாக மனசுக்குப் போய்விடும்.

ராத்திரிக் கவலைக்கு வேறு பக்கம்

மழை கொட்டும் ராத்திரியில் தூக்கம் வராமல் புரளும்போது மனசைத் தோண்டி எழுதப் போகாதீர்கள். அந்த நேரத்துக்கு வேறு மாதிரி எழுத்து வேண்டும். 2018இல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் குழுவினர் 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வகத்தில் வைத்து, படுக்கும் முன் 5 நிமிடம் எழுத வைத்தார்கள். பாதிப் பேர் அன்றைக்கு முடித்த வேலைகளை எழுதினார்கள், மீதிப் பேர் வரும் நாள்களில் செய்ய வேண்டியதை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கிப்போனார்கள், அதிலும் எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம்.

இதை நம் ஊர்க் கவலைக்கு அப்படியே பயன்படுத்தலாம். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். ஒரு பக்கம் என் கையில் இருப்பது: இன்வர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றணும், பத்திரம், ஆதார், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைக்கணும், அத்தைக்கு பிரஷர் மாத்திரை பத்து நாளைக்கு வாங்கணும், வண்டியை மேம்பாலத்துப் பக்கம் விட இடம் கேட்டு வைக்கணும், பவர் பேங்க் சார்ஜ் போடணும். இன்னொரு பக்கம் என் கையில் இல்லாதது: ஏரி எப்போது திறப்பார்கள், புயல் எங்கே கரை கடக்கும், மேனேஜர் நாளைக்கு லீவு தருவாரா. இடது பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் நேரம் போடுங்கள், நாளைக்குக் காலை பத்து மணிக்கு மெடிக்கல் ஷாப் என்கிற அளவுக்கு. வலது பக்கத்தை எழுதியதோடு விட்டுவிடுங்கள். புயல் பாதை வரைபடத்தை ராத்திரி இரண்டு மணிக்குப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

நல்லதையும் எழுதலாம், கட்டாயமில்லை

நன்றி எழுதுவது என்று ஒன்று மிகவும் பிரபலம். 2003இல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ இருவரும் செய்த ஆய்வில், வாரத்துக்கு ஒரு முறை நன்றியோடு நினைக்கக்கூடிய ஐந்து விஷயங்கள் வரை எழுதியவர்கள், தொல்லைகளைப் பட்டியல் போட்டவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நிறைவாக உணர்ந்தார்கள். வாரத்துக்கு ஒரு முறையே போதும். குடும்பத்துக்கு நன்றி, ஆரோக்கியத்துக்கு நன்றி என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் மூன்றாவது வாரமே கை மட்டும் எழுதும். தெருவில் முழங்கால் தண்ணீர் நின்ற அன்று மூன்றாவது மாடி அக்கா தூக்கில் பால் இறக்கிக் கொடுத்தது, மழை விட்ட பத்து நிமிடத்தில் மொட்டை மாடித் துளசி வாசனை, சபா கேன்டீனில் கச்சேரிக்கு நடுவே சாப்பிட்ட சூடான அடை, கார்த்திகை தீபத்தன்று காற்றில் அணைந்த விளக்கை எதிர் வீட்டுப் பாப்பா வந்து திரும்ப ஏற்றியது என்று எழுதினால் அந்த நிமிடம் திரும்ப வரும்.

மனசு நொந்து கிடக்கும் நாளில், எனக்கு இவ்வளவு இருக்கிறதே, நான் வருத்தப்படலாமா என்று உங்களையே அதட்ட இதைப் பயன்படுத்தாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் அதை ஏற்கெனவே போதுமான அளவுக்குச் செய்கிறார்கள். அந்த நாளில் வருத்தத்தை எழுதுங்கள், நல்லது இன்னொரு நாளைக்கு வரட்டும்.

அதே இடத்தில் சுற்றினால்

முதலில் சொன்ன அந்த இன்னொரு விதம் இதுதான். எனக்கு மட்டும் ஏன் இப்படி, அவள் ஏன் அப்படிச் சொன்னாள், எப்போதும் எனக்கு இப்படித்தான் என்று பத்து நாளும் ஒரே பக்கம், அதே வாக்கியங்கள். செக்குமாடு மாதிரி ஒரே வட்டம். உளவியலில் இப்படி ஒரே துயரத்தை அசைபோட்டுக்கொண்டே இருப்பதை நிறைய ஆராய்ந்தவர் சூசன் நோலன் ஹோக்செமா. அசைபோடுகிறவர்களுக்கு மனச்சோர்வு இன்னும் ஆழமாகிறது, நீளமாகிறது என்பது அவர் தொடர்ந்து கண்டது. அதை மனசுக்குள் செய்தால் என்ன, நோட்டில் செய்தால் என்ன, இரண்டும் ஒன்றுதான்.

சுற்றுகிறேன் என்று தெரிந்துவிட்டால் இருக்கையை மாற்றிப் பாருங்கள். நான் என்று எழுதுவதை நிறுத்திவிட்டு, உங்கள் பெயரையே போட்டு உங்கள் நெருங்கிய தோழிக்கு எழுதுவது மாதிரி எழுதுங்கள். "இங்க பாருடி செல்வி, அண்ணி அப்படிப் பேசினது தப்புதான். ஆனா அன்னைக்கு அவங்க வீட்டுக்குள்ளயும் தண்ணி வந்து ராத்திரி பூரா தூங்கல இல்ல?" இப்படி எழுதும்போது வார்த்தை தானாக இளகுகிறது, நமக்கு நாமே பேசும் கடுமையில் யாரும் தோழியிடம் பேசுவதில்லை. இப்படித் தள்ளி நின்று பார்ப்பது கொந்தளிப்பைக் குறைக்கிறது என்று ஈதன் கிராஸ், ஓஸ்லெம் ஐடுக் என்ற உளவியலாளர்கள் இருவரும் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்கள். அதற்கும் நகரவில்லை என்றால் நோட்டை மூடிவிட்டுக் குடை எடுத்துக்கொண்டு டீக்கடை வரை போய் வாருங்கள். மழையிலும் பகல் வெளிச்சம் வெளிச்சம்தான், நாலு முகத்தைப் பார்ப்பதும் நல்லது.

யாராவது படித்துவிட்டால்

நிறையப் பேர் எழுதாமல் இருப்பதற்கு உண்மையான காரணம் நேரமின்மை இல்லை, இந்தப் பயம்தான். தனி அறை என்பதே பல வீடுகளில் கிடையாது, ஹாஸ்டலில் அலமாரிக்குப் பூட்டு இருக்காது, மாமியார் பீரோவைச் சுத்தம் செய்யும்போது நோட்டு வெளியே வரும். ஆகவே யாரேனும் படிப்பார்களோ என்று நினைத்துக்கொண்டே பாதியை மறைத்து எழுதுவதைவிட, முழுசாக எழுதிவிட்டுக் கிழித்துப் போடுவது மேல். பலன் பெரும்பாலும் எழுதும்போதே கிடைத்துவிடுகிறது. தாளை இரண்டாகக் கிழித்து அரிசி கழுவிய தண்ணீரில் போட்டால் மை கரைந்துவிடும், ஒரு எழுத்தும் மிஞ்சாது என்று நினைக்காதீர்கள், பால் பாயின்ட் மை அவ்வளவு சுலபத்தில் கரையாது. பொடிப்பொடியாகக் கிழிப்பதே பத்திரம். போனில் எழுதுபவர்கள் பூட்டு போட்ட நோட்ஸில் எழுதலாம். எழுதவே வராதவர்கள் வாய்ஸ் நோட் பேசிவிட்டு அழித்துவிடலாம். உங்கள் வீட்டில் பிள்ளைகள் எழுதுகிறார்கள் என்றால் தயவுசெய்து அதை எடுத்துப் படிக்காதீர்கள். கவலையாக இருந்தால் நேரில் கேளுங்கள்.

நோட்டு போதாத இடம்

பயங்கரமான ஒன்று நடந்து சில நாள்களே ஆகியிருந்தால் அதைத் தோண்டி எழுத அவசரப்பட வேண்டாம். முதலில் தூக்கம், சாப்பாடு, கூட ஒரு ஆள். எழுதிக்கொண்டிருக்கும்போதே தாங்க முடியாது என்று தோன்றினால் நிறுத்திவிடுங்கள், பென்னிபேக்கரும் இதையேதான் சொல்கிறார். இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் மனசு கீழேயே இருக்கிறது, எதிலும் நாட்டமில்லை, தூக்கமோ பசியோ அடியோடு மாறிவிட்டது என்றால் அது மருத்துவரிடம் காட்ட வேண்டிய விஷயம், எழுதிச் சரிசெய்ய வேண்டியது இல்லை. கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப் பெயரையே கேலிக்குப் பயன்படுத்தும் வழக்கம் சென்னையில் இன்னும் போகவில்லை, அதனாலேயே எத்தனையோ பேர் போகாமல் இருக்கிறார்கள். அங்கே இருப்பது அரசு மனநல மருத்துவமனை, வெளிநோயாளியாகப் போய்ப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம்.

செத்துப்போகலாம் என்ற எண்ணம் நோட்டில் எழுந்துவிட்டால், அந்தப் பக்கத்தை முடிக்கக்கூட வேண்டாம், உடனே யாரிடமாவது பேசுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044 24640050. இந்த இரண்டு எண்களையும் நோட்டின் உள் அட்டையில் இன்றைக்கே எழுதி வையுங்கள்.

தை பிறந்த பிறகு

பொங்கல் முடிந்து வெயில் ஏறியதும் எழுதுவதும் நின்றுபோகும், நிற்கட்டும். கிழித்துப் போடுகிறவர்களும் ஒரே ஒரு தாளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு நாளுக்கும் தூங்கினேனா, வெளியே போனேனா, யாரோடாவது பேசினேனா, மனசு எப்படி என்று ஒரு வரியில் குறிப்பு. செப்டம்பரில் அதை எடுத்துப் பாருங்கள். எந்த வாரம் ரொம்ப மோசமாக இருந்தது, அதற்கு முந்தின மூன்று நாள் என்ன நடந்திருந்தது என்று தேடினால், வீட்டை விட்டு இறங்காத நாள்கள் அடுத்தடுத்து வந்ததும் மனசு சரிந்ததும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது சிலருக்குத் தெரியும். சிலருக்குத் தூக்கம் கெட்டது முன்னால் நிற்கும். சிலருக்குக் குறிப்பிட்ட ஒரு தேதி. அதைப் புது நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, அதில் முன்கூட்டியே செய்ய முடிந்ததை ஐப்பசிக்குள் முடித்துவிடுங்கள். பீரோவுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்துவது, மழை நாளில் கூப்பிட இரண்டு பேரிடம் இப்போதே சொல்லி வைப்பது, நடைக்கு மாற்றாக அபார்ட்மென்ட் படிக்கட்டோ மூடிய கார் நிறுத்துமிடமோ எது ஒத்துவரும் என்று ஒரு முறை நடந்து பார்ப்பது.